உள்கண்ணாடி இல்லாத கார்

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். சக்கரம் நான்கு உண்டு, உருளாது. ஓட்டுகிறவர் உள்ளே இருப்பார், சாலையைப் பார்க்க மாட்டார். மரங்கள் பின்னால் ஓடும், மழை பெய்யும், பாட்டுக் கேட்கும், மலை ஏறி மலை இறங்கும், ஆனால் இருந்த இடத்தைவிட்டு ஓரங்குலம் நகராது. அது என்ன? ரொம்ப யோசிக்க வேண்டாம், விடை சுலபம்: சினிமாக் கார். படப்பிடிப்பு அரங்கத்துக்குள் நிறுத்திவைத்து, சுற்றிலும் பச்சைத் துணி கட்டி எடுக்கிறார்களே, அந்தக் கார். அதை வெளியிலிருந்து ஆட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆட்டாவிட்டால், நிற்கிற கார் நிற்கிற காராகவே படத்தில் விழுந்துவிடும். பின்பக்க பம்பருக்கு அடியில் ஒரு நீளச் சவுக்குக் கட்டையைக் கொடுத்து, நடுவில் ஒரு மரப்பெட்டியைத் தாங்கலாக வைத்து, கட்டையின் மறுமுனையை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அமுக்கினால் கார் மூச்சு இழுக்கும், விட்டால் மூச்சு விடும். நகரச் சாலைக்கு ஓர் ஆட்டம், கிராமத்துப் பாதைக்கு ஓர் ஆட்டம், புது மணமக்கள் போகிற காருக்கு இருக்கிறதோ இல்லையோ என்று ஓர் ஆட்டம். இருபது வருஷமாக இதைச் செய்துவரும் தெய்வசிகாமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாகக் கார் கிடையாது. அவன் ஆட்டிய கார்கள் போகாத ஊர் இல்லை.

இன்று காலை அவன் உட்கார்ந்திருந்தது நிஜக் கார். ஆலந்தூரில் மெட்ரோ தூணுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றவனை ஓரங்கட்டி ஏற்றிக்கொண்டாள் கோமளா. சட்டப்படி இன்னமும் மனைவி. போன ஆடியிலிருந்து குரோம்பேட்டையில் அண்ணன் முத்துவேல் வீட்டில் இருக்கிறாள்; அண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த ஸ்கூல் கார்தான் இது, முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டோடு. “ஏறலாம்” என்றாள், சாலையைப் பார்த்தபடி. பின்சீட்டில் தாரிகா, ஒன்பது வயது, மடியில் முறுக்குப் பொட்டலம், “அப்பா, நனைஞ்சிட்டே” என்றது. அவன் ஏறி இடது பக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்த, “கீழே இன்னொரு பிரேக்கும் கிளட்சும் இருக்கு. சொல்லிக்குடுக்கறவங்களுக்கு. கால் அது மேல படக் கூடாது. பின்னாடி இழுத்து வெச்சுக்கணும்” என்றாள். இப்போதெல்லாம் அவள் அவனை நீ என்றும் சொல்வதில்லை, நீங்க என்றும் சொல்வதில்லை. முன்பு சொன்ன ‘ஏங்க’வும் போயிற்று. ஏறலாம், படக் கூடாது, வெச்சுக்கணும். சாலையோரப் பலகை பேசுகிற மாதிரி. தமிழில் ஒரு மனுஷனைக் கூப்பிடாமலே இவ்வளவு பேச முடியும் என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்தது. அவன் ஈரச் செருப்போடு கால்களைச் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டான். முழங்கால் முன்பலகையில் இடித்தது. பரவாயில்லை, கோர்ட்டுவரைக்கும்தானே. பாரிமுனை கோர்ட்டில் குடும்ப ஆலோசகர் அம்மா ஒருவர் இருக்கிறார். விவாகரத்துக்கு இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று. தாரிகா அம்மாவிடம் வளர்வாள் என்பதிலும் சண்டை இல்லை. மீதி இருப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் அப்பா வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போவதா, அல்லது மாதம் ஒரு சனிக்கிழமை கோர்ட்டிலேயே, பொம்மையும் சறுக்குமரமும் வைத்த அந்த அறையில், ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அப்பாவைச் சந்திப்பதா? “குழந்தையே சொல்லட்டும், ரெண்டு பேரும் எதுவும் சொல்லிக்குடுக்காதீங்க” என்றிருந்தார் ஆலோசகர். இன்று கேட்பார். சொல்லிக்கொடுக்கக் கூடாது, சரி, கேட்கலாமா, வர்றியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் அது சொல்லிக்கொடுத்ததாகுமா? ஒரே வார்த்தை. கிண்டிக்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். கிண்டி வந்தது. மழையில் ரேஸ்கோர்ஸ் மதில் ஈரமாக நகர்ந்தது, நிஜமாகவே நகர்ந்தது, யாரும் எதையும் அமுக்காமல். கிண்டி போய்விட்டது.

ஏன் வாய் வரவில்லை என்றால், வாயைத் திறந்தால் வசனமாக வருகிறது. காருக்குள் பேசுகிற பேச்சு அவனுக்கு நிறையத் தெரியும், அதுதான் சங்கடம். வீட்டில் சொல்ல முடியாததைக் காரில் சொல்ல வேண்டும் என்பது படங்களில் ஒரு வழக்கம். மழை பெய்ய வேண்டும், வைப்பர் ஆட வேண்டும், ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்காமல், ‘நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று ஆரம்பிக்க வேண்டும். வைப்பர் கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கிறவன் பெயர் ஏகாம்பரம், அவனுக்கு எப்போதும் சளி. பம்பருக்குப் பின்னால் குந்தியபடி, கட்டையைப் பிடித்துக்கொண்டு, சிகாமணி எத்தனையோ பேர் மனசைத் திறந்ததைக் கேட்டிருக்கிறான். காதலைச் சொல்வார்கள், நோயைச் சொல்வார்கள், நான் உன் சொந்தத் தகப்பன் இல்லை என்பார்கள். சொல்கிறவர் குரல் தழுதழுக்கும்போது ‘ஆட்டத்தைக் குறை’ என்று டைரக்டர் கையைக் காட்டுவார். அழுகிற காட்சியில் கார் மெதுவாகப் போக வேண்டும், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். இந்தக் காரில் யார் அழுதாலும் கோமளா மூன்றாவது கியரில்தான் போவாள், ஏனென்றால் சாலை மூன்றாவது கியருக்கான சாலை. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண் முன்னால், பிறகு உள்கண்ணாடியில், பிறகு வலப்பக்கக் கண்ணாடியில், மறுபடி முன்னால். ஒருமுறைகூட இந்தப் பக்கம் இல்லை. படத்துக் காரில் உள்கண்ணாடியே இருக்காது. கேமராவை மறைக்கிறது, கதாநாயகி முகத்தில் குறுக்கே விழுகிறது என்று முதல் வேலையாக அதைத்தான் கழற்றுவார்கள். கழற்றி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு அவனிடம் கொடுப்பார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க வழியில்லாத அந்தக் கார்களில்தான் வில்லன்கள் பின்தொடர்வார்கள், கதாநாயகனும் சரியாகத் தெரிந்துகொண்டு திரும்புவான். இந்தக் காரில் உள்கண்ணாடி இரண்டு இருந்தது. ஒன்று ஓட்டுகிறவருக்கு. இன்னொன்று, சின்னது, சொல்லிக்கொடுக்கிறவருக்கு, அவன் நெற்றிக்கு நேரே. அதில் தாரிகா தெரிவாள் என்று நிமிர்ந்தான். முத்துவேல் ஆறடி ஆள், அவன் உயரத்துக்கு வைத்த கண்ணாடி. சிகாமணிக்கு அதில் தெரிந்தது பின்சீட்டின் மேல்விளிம்பும், நனைந்த பின்கண்ணாடியில் சிவப்பு எல்லும்தான். மகளின் வகிடு மட்டும் கீழ்விளிம்பில் வந்து வந்து போயிற்று. கையை எடுத்துக் கொஞ்சம் கீழே சாய்க்கப் போனான். “அப்பா, அது மாமா கண்ணாடி. தொட்டா மாமா திட்டும்” என்றாள் தாரிகா. கையை இறக்கிக்கொண்டான்.

கதை ஒன்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு அப்படியே கேட்டுவிட்டால் என்ன? அவளுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. யூனிட்டில் அவனுக்குப் பெயர் ஆட்டுக்காரன். ஆட்டுகிறவன், அதனால். புதிதாய்ச் சேர்ந்த ஓர் உதவி இயக்குநரிடம், ‘போய் ஆட்டுக்காரனைக் கூட்டிட்டு வா, ஷாட் ரெடி’ என்று சொல்ல, அந்தப் பையன் வடபழனி சந்தெல்லாம் அலைந்து, நிஜமாகவே ஓர் ஆட்டுக்காரரை இரண்டு வெள்ளாட்டோடு ஏசி அரங்கத்துக்குள் கூட்டிவந்துவிட்டான். ஒன்று பச்சைத் துணியை இலை என்று நினைத்துக் கடித்தது. தாரிகா சின்னதாக இருந்தபோது இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிப் புரண்டு புரண்டு சிரிப்பாள், துணியைக் கடித்த இடத்தில் ஆடு மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் அவன். “தாரிகா, அந்த ஆட்டுக்காரர் வந்தாரே ஏசி ஃப்ளோருக்கு” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். “தெரியும்பா” என்றாள். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த பாடத்தை மறுபடி நடத்தினால் சொல்வார்களே, அப்படி. முறுக்கை உடைக்கிற சத்தம் கேட்டது. குழந்தைக்கு ஒரு கதை தெரிந்துபோய்விட்டால் அப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேறு கதையும் அவனிடம் இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது, கொடைக்கானல். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தான். நினைக்கக் கூடாது என்றதும் அது சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் ஏறி வந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு கோடையும் போகலாம் என்பான், ஒவ்வொரு கோடையும் கால்ஷீட் வந்துவிடும். கோமளா ஸ்வெட்டர்கூட வாங்கிவைத்திருந்தாள், மூன்று பேருக்கும், கருநீலத்தில். தாரிகா அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒரு விடுமுறை நாளில் அரங்கத்தில் கார் மட்டும் நின்றது, யாரும் இல்லை, காவல்காரர் தெரிந்தவர். அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கோ, இப்ப கொடைக்கானல் போறோம் என்றான். முதலில் சமவெளி. பிறகு மலையடிவாரம், மெல்ல மூச்சிழுக்கும் ஆட்டம். வளைவுக்கு இடது மூலையைத் தாழ்த்தினான், அடுத்த வளைவுக்கு வலது. பெரிய மின்விசிறியைப் போட்டுக் குளிர்காற்று. வாயால் குயில். உச்சிக்குப் போனதும் திரையில் பனிமலைப் படம் ஒன்று, எந்த நாட்டுப் பனியோ. அவள் கண்ணைத் திறந்து பார்த்த பார்வை, அந்தப் பார்வையை இன்று யார் கேட்டாலும் அவன் கொடுக்க மாட்டான். பள்ளி திறந்ததும் கொடைக்கானல் போய்வந்ததாக வகுப்பில் சொன்னாள். கூடப் படித்த ஒருத்தி உண்மையிலேயே போய்வந்தவள், கொடைக்கானலில் ஏது பனிமலை என்றாள். டீச்சர் கேட்டார். ஏரியைப் பார்த்தாயா, படகில் போனாயா, எந்த ஓட்டல்? இவள் விடவில்லை, பனி இருந்தது, குயில் இருந்தது, அப்பாதான் கூட்டிப்போனார். ‘உங்க பொண்ணு கூசாம பொய் சொல்றாம்மா’ என்று கோமளாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்று சாயந்தரம் மூவரும் அறையில் நின்றார்கள். கோமளா கத்தவில்லை. குழந்தை அவனைப் பார்த்து, “அப்பா, நாம போனமா, போகலையா?” என்று கேட்டது. போகலைம்மா, அது விளையாட்டு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எத்தனை தடவை இந்த இடத்துக்குத் திரும்பி வந்து அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். போகலைம்மா. போகலைம்மா. குளிக்கும்போது சொல்வான், சாம்பாரைத் தாளிக்கும்போது சொல்வான். அன்று அவன் சொன்னது, “போனோம்.” சொன்னதும் கோமளா ஸ்வெட்டர்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம்தான் அவள் அண்ணனிடம் கார் கற்றுக்கொள்ளப் போனாள், அதற்கு இது காரணமா என்று கேட்டால் அவளே இல்லை என்பாள், ஆனால் அவனுக்கு அந்த இரண்டும் ஒரே துணியில் போட்ட இரண்டு முடிச்சாகத்தான் தோன்றுகிறது.

கார் கற்ற பிறகு அவளோடு படம் பார்க்க முடியாமல் போயிற்று. முன்பெல்லாம் தியேட்டரில் கார் வரும்போது அவன் அவள் காதில், ‘இது நான்’ என்பான், அவள் இருட்டில் கையை அமுக்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதாநாயகன் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டே பாதிப் பாட்டுக்கு ஓட்டினான். “ரோட்டைப் பார்க்கவே இல்ல” என்றாள் கோமளா. பிறகு, “இப்படி ஸ்டியரிங்கை ஆட்டினா நேரா கடல்ல போய்த்தான் இறங்குவான்.” பிறகு துரத்தல் காட்சி. கதாநாயகன் கியரை மாற்றினான், ஆக்சிலரேட்டரை மிதித்தான், மறுபடி கியரை மாற்றினான், மறுபடி மிதித்தான். “அந்த வண்டில எத்தனை கியருங்க இருக்கு?” என்றாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பிச் சிரித்தார். அவளும் சிரித்தாள், கெட்ட எண்ணமே இல்லை அதில், அதுதான் அவனைக் கொன்றது. அடுத்து, கதாநாயகியின் தோழி கார் கற்றுக்கொள்வதாக ஒரு காமெடி. பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தக்காளி வண்டி ஒன்று எதிரே வந்தாக வேண்டும், தக்காளி பறக்க வேண்டும், போலீஸ்காரர் மரத்தில் ஏற வேண்டும். அந்தக் காரையும் அவன்தான் ஆட்டியிருந்தான், பெண் ஓட்டுகிற ஆட்டம், தாறுமாறாக, டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் கோமளா சிரிக்கவில்லை. ‘இது நான்’ என்று அவன் அவள் காதில் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. முத்துவேல் ஒருநாள் பிரியாணியைப் பிசைந்துகொண்டே, “மச்சான், நம்ம ரெண்டு பேர் தொழிலும் ஒண்ணுதான். நிக்கிற வண்டிய நான் ஓட வெக்கிறேன், நீ ஓடுற மாதிரி வெக்கிறே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், சிகாமணியும். எலும்பை ஓரமாக வைத்துவிட்டு முத்துவேல், “கோச்சிக்காதே மச்சான்” என்று இன்னொரு கரண்டி வைத்தான். நல்லவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். படத்தில் மைத்துனன் கறுப்புக் கண்ணாடி போட்ட நீள வண்டியில் தூசி கிளப்பிக்கொண்டு வந்து இறங்குவான், பார்த்தவுடனே தெரிந்துவிடும். நிஜ மைத்துனன் எல் போர்டு வண்டியில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, இண்டிகேட்டர் போட்டு நிறுத்தி, குழந்தைக்கு ஆப்பிள் கொடுக்கிறான்.

நந்தனத்தில் சிக்னலுக்கு முன்னாலேயே நெரிசல் நின்றுவிட்டது. மழை வலுத்து, கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்தது. கோமளா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு துணியால் முன்கண்ணாடியைத் துடைத்தாள். அவன் பக்கத்தையும் எட்டித் துடைத்தபோது அவள் முழங்கை அவன் மார்பில் பட்டது. “நகரலாம்” என்றாள், அவன் பின்னுக்கு நகர்ந்தான். அவள் கையில் அவனுக்குத் தெரியாத ஒரு புது வளையல். ரப்பர் விரிப்பில் ஈர நாற்றம், அதோடு முறுக்கு வாசனை, அதோடு அவள் தலைக்குத் தடவும் பழைய எண்ணெய், அதை மாற்றவில்லை. நின்றிருந்த கார் மழையில் லேசாக அதிர்ந்தது. எஞ்சின்தான். ஆனால் அவன் உடம்பு, இது பின்னால் யாரோ அமுக்குகிறார்கள் என்றது. யார்? திரும்பிப் பார்த்தால் பம்பருக்குப் பின்னால் குந்தியிருப்பது தானாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், அர்த்தமில்லாத பயம், வந்து போயிற்று. அப்போது தாரிகா பேசினாள். “அப்பா, லீவுல நாங்க கொடைக்கானல் போனோம். மாமா வண்டில.”  “அப்படியா” என்றான். “ம். மேல ஏறுறப்போ எனக்கு வாந்தி வந்துடுச்சு. ரெண்டு தடவ. அம்மா மேலயே எடுத்துட்டேன்.” “சீட்டு மேலயும்தான்” என்றாள் கோமளா. “நிஜ கொடைக்கானலுக்குப் போனா வாந்தி வருதுப்பா. நீ கூட்டிட்டுப் போனப்போ வரவே இல்ல.” அவள் அதை வெறுமனே ஒரு தகவலாகத்தான் சொன்னாள். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருப்பாள், சத்தம் கேட்டது. ஆனால் அவனுக்குள் என்னென்னவோ தடதடவென்று எழுந்துவிட்டது. வரவே இல்ல என்கிறாள். நீ கூட்டிட்டுப் போனப்போ என்கிறாள். போனப்போ. பொய் என்று சொல்லவில்லை. அவள் கணக்கில் அதுவும் ஒரு போனதுதானோ? ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டான். அரங்கத்துக்கு வேண்டாம், காரே வேண்டாம், பஸ்ஸில் கடற்கரைக்குப் போகலாம், நடந்தேகூடப் போகலாம். வீட்டில் சுவர்ப்பக்கம் அவளுக்குப் பாய். பழைய ஸ்வெட்டர் சின்னதாகியிருக்கும்.

சிக்னல் விழுந்து வண்டிகள் நகர்ந்தன. தேனாம்பேட்டையைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் விட்டது, கோமளா வேகம் எடுத்தாள். இப்போது கேட்க வேண்டும். இதைவிட நல்ல நேரம் வராது. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், மாமா கண்ணாடியில் வகிட்டைப் பார்த்து இல்லை. படத்தில் எப்படித் திரும்புவார்கள், முன்சீட்டில் இருக்கிறவர் முழு உடம்பையும் திருப்பி, சீட்டின் மேல் கையைப் போட்டு, பின்னால் இருக்கிறவர் முகத்துக்கு நேரே. அவனும் அப்படித்தான் திரும்பினான். “தாரிகாம்மா” என்றான். திரும்புகிற உடம்புக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது. இவ்வளவு நேரம் மடக்கி மரத்துப்போன வலது கால் தானாக நீண்டு கீழே ஊன்றியது. முழுப் பலத்தோடு. கார் ஒரு குத்துக் குத்தி நின்றது. நிற்கிற காட்சிக்கு அவன் கொடுக்கிற நாசூக்கான தலையசைப்பு இல்லை இது, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி முன்னால் எறிகிற நிற்றல். தாரிகாவின் முகம் சீட்டின் முதுகில் வந்து மோதியதை அவன் கண்ணுக்கு நேரே பார்த்தான். முறுக்கு பறந்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் பம்பரில் வந்து முட்டிச் சாய்ந்தது. “கால்” என்றாள் கோமளா. குரல் உயரவில்லை. “கால எடுக்கணும்.” அவன் எடுத்தான். அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், விளக்கைப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், அப்புறம்தான் திரும்பி ஒரு கையால் குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். மேலுதடு கிழிந்து ரத்தம். அழவில்லை. நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர்க்காரர் எழுந்து வந்து வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டினார். மழைக்கோட்டு போட்ட நடுத்தர வயது ஆள், முழங்கையில் சிராய்ப்பு. கோமளா கண்ணாடியை இறக்கினாள். “ஏம்மா, எதுக்கும்மா நடுரோட்டுல நிறுத்தற? கத்துக்கறதுன்னா கிரவுண்டுக்குப் போய்க் கத்துக்க வேண்டியதுதானே? பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்துட்டு, பக்கத்துல ஆளு வேற உக்காந்திருக்கான், வேடிக்கை பாத்துட்டு. சினிமாவுல காட்டுறது சரியாத்தான் இருக்கு.” அவள், “சாரிங்க, கையில அடி பலமா?” என்றாள். நான்தான் மிதிச்சேன் என்று சொல்ல வேண்டும். இதோ சொல்லப்போகிறேன் என்று சிகாமணி நினைத்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும், அவள் ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள், மிதித்தது நான். இரண்டே வார்த்தை. இறங்கிச் சொன்னால் இன்னும் நல்லது. கார்க் கதவு திறக்கும், கேமரா தரையில் இருக்கும், முதலில் ஒரு ஷூ மட்டும் தெரியும், தண்ணீர் தெறிக்கும், பின்னணி இசை எழும், அப்புறம்தான் முகம். எத்தனை முறை அந்த ஷூவுக்குப் பின்னால் இவன் காரை ஒரு பிடி மேலே தூக்கியிருக்கிறான், ஆள் இறங்கியதும் பாரம் குறைந்த மாதிரி தெரிவதற்கு. இப்போது அவன் தன் காலைப் பார்த்தான். ஈரச் செருப்போடு அது மறுபடி சீட்டுக்கு அடியில் போய் மடங்கியிருந்தது. சொல் என்றான் அதனிடம். அந்த ஆள் இன்னும் என்னவோ சொன்னார், இரண்டொரு கெட்ட வார்த்தையும் வந்தது. பின்னால் ஹார்ன்கள் ஊளையிட்டன. கோமளா கேட்டுக்கொண்டிருந்தாள். “தப்புதாங்க” என்றாள். அவர் போனார். கண்ணாடி ஏறியது, மழைச் சத்தம் அடங்கியது. அவன் இன்னமும் பாதி திரும்பியபடியேதான் இருந்தான். தாரிகா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் துப்பட்டா நுனியை ஒற்றிக்கொடுத்தாள் கோமளா. “அம்மா, நீ மிதிக்கலையே” என்றது குழந்தை. “பேசாதே, ரத்தம் வரும்” என்றாள் அவள். “அப்பா ஏன் சொல்லல?”  சொல்கிறமாதிரி ஒரு பதில் அவன் நெஞ்சில் உருண்டது. சொல்ல நினைச்சேன்மா. நினைச்சதுதான், அதுவும் நிஜம்தானே. ஆனால் அதை வாயில் வைத்துப் பார்த்தபோதே அதன் ருசி தெரிந்துவிட்டது, அது ‘போனோம்’ என்பதன் ருசி.

கார் நகர்ந்தது. அண்ணா மேம்பாலம், அதன் பக்கத்தில் கட்டிடம் கட்டிடமாகப் புதுப்பட விளம்பரங்கள். ஒன்றில் ஒருவன் பறக்கிற காரின் பானெட்டில் நின்றுகொண்டு இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருந்தான். மழையில் அவனுடைய முழங்காலுக்குக் கீழே தாள் உரிந்து தொங்கியது. சிகாமணி நேராக உட்கார்ந்து முன்னால் பார்த்தான். கேட்க இனி ஒன்றும் இல்லை. மழை விட்டுவிடுமோ என்று ஒரு கவலை மட்டும் வந்தது, விட்டால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம். விடவில்லை, இருந்தாலும் போய்ச் சேர்ந்தார்கள். கோமளா இரண்டு கார்களுக்கு நடுவே, இவ்வளவு சின்ன இடத்தில், பின்னோக்கி ஒரே முயற்சியில் நுழைத்து நிறுத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு அழகாக ஒரு கார் நிற்பதை அவன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, இதை யாரும் எடுக்கவும் மாட்டார்கள். “நல்லா நிறுத்தறே” என்றான். “இறங்கலாம்” என்றாள் அவள்.

ஆலோசகர் அம்மா தாரிகாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைப் பாதி சாத்தினார். உதட்டில் என்ன என்று கேட்டார். காரில் இடிச்சிட்டேன் என்றாள். பிறகு இரண்டையும் விளக்கிச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கா, மாசம் ஒரு சனிக்கிழமை இங்கேயா என்று கேட்டார். தாரிகா சனிக்கிழமை என்றாள்.